கேளுங்கள், சொல்கிறேன்: கருவேலம் போன இடத்தில் புல் வருமா?

போன இதழில், ஊர் மந்தைவெளிகளையும் மேய்ச்சல் புறம்போக்குகளையும் சீமைக் கருவேலம் மூடிக்கொண்டது பற்றியும், அதை வெட்டினால் மட்டும் நிலம் திரும்பி வந்துவிடாது என்றும் ஒரு பதிலில் நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், இந்தப் பக்கம் முழுவதையும் இதற்கே கொடுத்தால்தான் சரி என்று தோன்றியது. கால்நடை மருத்துவராக இருந்தவன் என்பதால் நிலத்தைப் பற்றிக் கேட்டாலும் என் கண் ஆடுமாடு பக்கமே போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் இருபது ஏக்கர் மேய்ச்சல் புறம்போக்கு. போன கோடையில் கருவேல மரங்களை ஏலம் விட்டு, ஏலம் எடுத்தவர் பொக்லைன் வைத்து ஒரே வாரத்தில் சுத்தம் செய்து கொடுத்தார். மழைக்குப் பிறகு பார்த்தால் முன்பைவிட அடர்த்தியாக முளைத்து நிற்கிறது. முன்பாவது ஆள் உள்ளே நடக்க முடிந்தது, இப்போது அதுவும் முடியவில்லை. என்ன தப்பு செய்தோம்?
– ஒரு வாசகர், கமுதி வட்டாரம்

வெட்டியது தப்பில்லை. வெட்டியதோடு வேலை முடிந்தது என்று எல்லோரும் வீட்டுக்குப் போனதுதான் தப்பு. உங்கள் ஊர் மட்டுமில்லை, நான் பார்த்த பாதி ஊர்களில் இதுதான் கதை.

இந்த மரத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று முதலில் புரிந்துகொள்ள வேண்டும். தண்டும் வேரும் சேரும் தூர்ப் பகுதியில், மண்ணுக்குச் சற்றுக் கீழே, உறங்கும் மொட்டுகள் நிறைய இருக்கும். தரை மட்டத்தில் வெட்டினால் அந்த மொட்டுகள் அத்தனையும் ஒன்றாக விழித்துக்கொள்ளும், ஒரு தண்டு இருந்த இடத்தில் எட்டு பத்துத் தண்டு வரும். ஒரு அடி ஆழம் தோண்டி அந்தத் தூரையே எடுத்தால் மீதி வேர் அப்படியே மக்கிவிடும். ஏலம் எடுத்தவருக்கு வேண்டியது விறகும் கட்டையும். தூர் கழன்று வந்ததா, பாதியில் ஒடிந்ததா என்று அவர் குனிந்து பார்க்க மாட்டார். ஏலத்தில் அந்த நிபந்தனை எழுதப்படவில்லை என்றால் அவரைக் குறை சொல்லியும் பயனில்லை.

இது பாதிதான். இன்னொரு பாதி விதை. கருவேல நெற்று இனிக்கும், அதனால் ஆடுமாடு தேடிப் போய்த் தின்னும். விதையின் ஓடு கல் மாதிரி, மாட்டின் வயிற்றுக்குள் போய் அந்த ஓடு சற்று இளகிச் சாணியோடு வெளியே விழும்போது, எருவும் ஈரமும் சேர்த்துக் கொடுத்து நாற்றுவிட்டது போலத்தான். விழுந்த விதையெல்லாம் அந்த வருஷமே முளைக்காது, மண்ணுக்குள் பல வருஷம் காத்துக் கிடக்கும். நீங்கள் இருபது ஏக்கரையும் ஒரே வாரத்தில் வெறும் தரையாக்கினீர்கள், இயந்திரம் மண்ணைப் புரட்டி அடியில் கிடந்த விதையை மேலே கொண்டு வந்தது, மேலே நிழல் இல்லை, போட்டிக்குப் புல்லும் இல்லை, அப்புறம் மழை பெய்தது. முளைக்காமல் என்ன செய்யும்?

இப்போது என்ன செய்யலாம் என்றால், இருபது ஏக்கரையும் ஒன்றாகத் தொடாதீர்கள். ஐந்து ஏக்கர் எடுங்கள். உங்கள் ஊரில் எத்தனை பேர் தொடர்ந்து மூன்று வருஷம் வருவார்களோ, அவர்கள் கண் பார்த்துக்கொள்ளும் அளவு மட்டும். அதில் தழைத்த தூர்களைக் கடப்பாரையும் மண்வெட்டியும் வைத்துத் தோண்டி எடுங்கள். விதையிலிருந்து முளைத்த கன்றுகளை மழை நின்ற மூன்றாம் நாள், மண் நெகிழ்வாக இருக்கும்போது கையால் பிடுங்கலாம், ஒரு பருவம் தள்ளினால் ஆணிவேர் ஆழமாகப் போய்விடும், பிறகு கை போதாது. மழைக்காலத்தில் மாதம் ஒரு நாள் ஊராகச் சேர்ந்து ஒரு சுற்று போங்கள். முதல் வருஷம் மலைப்பாக இருக்கும், இரண்டாம் வருஷம் பாதிதான் இருக்கும், புல் மூடிவிட்டால் மூன்றாம் வருஷம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடிப் பிடுங்க வேண்டியிருக்கும். மீதிப் பதினைந்து ஏக்கரைக் கரிக்காரர்களுக்கு முறை வைத்து விடுங்கள், ஆனால் நெற்று முற்றிக் கொட்டுவதற்கு முன்னால் வெட்டச் சொல்லுங்கள்.

சாணிதான் விதை மூட்டை என்பதை மறக்க வேண்டாம். வேறு காட்டில் நெற்று தின்ற மாட்டை நேராகச் சுத்தம் செய்த நிலத்துக்குள் ஓட்டாதீர்கள், ஒரு வாரம் தொழுவத்தில் வைத்துத் தீனி போட்டு அப்புறம் விடுங்கள். அந்த நிலத்தில் கிடை போடுவதும் முதல் இரண்டு வருஷத்துக்கு வேண்டாம்.

கருவேலத்தை எடுத்த இடத்தில் வேம்பு, புங்கன், மகிழம் என்று ஆயிரம் கன்றுகளை நெருக்கி வைத்துக் குறுங்காடு உருவாக்கலாம் என்று எங்கள் இளைஞர் மன்றத்தில் பேச்சு. நல்லதுதானே?
– ஒரு வாசகி, சிவகங்கை

மனசு நல்ல மனசு. ஆனால் அந்த நிலம் மேய்ச்சல் நிலமாக இருந்தது என்றால் வேண்டாம், இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

மரம் இல்லாத நிலத்தைத் தரிசு என்று கணக்கில் எழுதுகிற பழக்கம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வருகிறது. அந்தப் பார்வையால்தான் சீமைக் கருவேலமே இங்கே வந்தது. ஜமைக்காவிலிருந்து வந்த விதை 1877-ல் அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த கடப்பா மாவட்டத்தில் ஊன்றப்பட்டது, பிறகு விறகுக்காக வறண்ட மாவட்டங்களுக்கெல்லாம் போனது. வெறும் நிலம், ஏதாவது வளரட்டும் என்ற எண்ணம்தான். அது வெறும் நிலம் இல்லை, புல்வெளி. புல்லும், புல்லை நம்பி ஆடும் மாடும், காடையும் கௌதாரியும், தரையில் முட்டையிடும் ஆள்காட்டியும் இருந்த இடம். வேம்பும் புங்கனும் நம் மரங்கள்தான், சந்தேகமில்லை, ஆனால் அவற்றை நெருக்கி வைத்தால் அடியில் புல் செத்துவிடும், கிடை மாட்டுக்காரருக்குக் கருவேலமும் ஒன்றுதான் உங்கள் குறுங்காடும் ஒன்றுதான். புலிக்குளம் மாடுகள் மந்தை மந்தையாக மேய்ந்த மாவட்டம் உங்களுடையது. அவை எங்கே மேயும் என்று மன்றத்தில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

மரமும் வேண்டும், மேய்ச்சலும் வேண்டும் என்றால் அதற்கு நம்மிடமே முன்மாதிரி இருக்கிறது. காங்கேயம், தாராபுரம் பக்கம் போயிருக்கிறீர்களா? அங்கே கொறங்காடு என்பார்கள். சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே தள்ளித் தள்ளி வெள்வேல் மரம். வெள்வேல் நிழல் மெல்லிய நிழல், அடியில் புல் வளரும், கோடையில் அதன் காய் ஆட்டுக்குத் தீனி. நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டு மேய்ந்ததும் அடைத்துவிட்டு அடுத்ததைத் திறப்பார்கள். மழை குறைந்த அந்த மண்ணில் காங்கேயம் மாடு அத்தனை திடமாக வளர்ந்தது இந்த ஏற்பாட்டால்தான். பள்ளிக்கூடம் போகாத பெரியவர் ஒருவர், எந்தத் துண்டை எந்த மாதம் பூட்ட வேண்டும் என்று விரல்விட்டுச் சொன்னதை நான் குறிப்பெடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன், கல்லூரியில் எனக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை.

ஏக்கருக்குப் பத்து இருபது வெள்வேலோ நாட்டுக் கருவேலமோ போதும், மீதி புல். செம்மண், மணல் கலந்த மண் என்றால் கொழுக்கட்டைப் புல் நன்றாக வரும், ஏக்கருக்கு மூன்று கிலோ விதை. களி கனத்த கரிசல் அதற்கு அவ்வளவாகச் சேராது, அங்கே உங்கள் ஊர் வரப்பிலும் கண்மாய்க் கரையிலும் தானாக வளர்ந்து மாடு விரும்பித் தின்னும் புல் எது என்று ஆடு மேய்ப்பவரைக் கேட்டு, அதன் விதையை உருவி வந்து தூவுங்கள். புல்விதை பஞ்சு மாதிரி காற்றில் பறக்கும், ஈர மணலில் பிசறித் தூவ வேண்டும், அரை அங்குலத்துக்கு மேல் மூடக் கூடாது. வெட்டிய கருவேல முள் கிளை (நெற்று இல்லாததாகப் பார்த்து) மேலே பரப்பி வைத்தால் ஆடு வாய் வைக்காது, ஈரமும் நிற்கும்.

ஒன்று சொல்ல வேண்டும், கருவேலம் நின்ற மண் செத்த மண் இல்லை. அது பயறு வகைக் குடும்பத்து மரம், நின்ற இடத்தில் தழைச்சத்து ஏறித்தான் இருக்கும். அதனால் முதல் மழைக்கு வேண்டாத களையெல்லாம் திமுதிமுவென்று வரும், பயந்துபோய் டிராக்டர் விட்டு உழுதுவிடாதீர்கள், உழுதால் மறுபடி விதை மேலே வரும். களையை அறுத்து அங்கேயே போடுங்கள்.

காற்றில் இருக்கிற ஈரத்தைக்கூட உறிஞ்சி மழையைத் தடுக்கிறது, இதன் நிழலில் கட்டிய மாடு மலடாகும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா? கட்டையில் மண்ணெண்ணெய் ஊற்றினால் சாகுமா?
– ஒரு வாசகர், அருப்புக்கோட்டை

மழையைத் தடுப்பதற்கும் மலடாக்குவதற்கும் ஆதாரம் இல்லை. மரம் வேர் வழியாகத்தான் தண்ணீர் குடிக்கிறது, இந்த மரத்துக்கு வேர் மிக ஆழம் போகும், அதனால் மற்றதெல்லாம் காய்ந்த கோடையிலும் பச்சையாக நின்று நிலத்தடி நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். அது ஒன்றே போதுமான குற்றச்சாட்டு, இல்லாததைச் சேர்த்தால் இருப்பதையும் ஆள் நம்ப மாட்டார்கள்.

மாட்டுக்குக் கெடுதல் வேறு வழியில் உண்டு. வேறு தீனியே இல்லாமல் மாதக்கணக்கில் நெற்றையே தின்ற மாடுகளில் செரிமானம் கெட்டு, தாடைத் தசை தளர்ந்து, அசை போட முடியாமல் மெலிவதைக் காணலாம். கொஞ்சமாக, நன்றாக இடித்துப் பொடியாக்கி மற்ற தீவனத்தோடு கலந்து கொடுத்தால் நல்ல தீனிதான், பொடித்ததில் விதையும் நொறுங்கிவிடும், பரவாது.

மண்ணெண்ணெய் வேண்டாம். கண்மாயை ஒட்டிய நிலத்தில் எதையும் ஊற்றாதீர்கள். தூரைத் தோண்டினால் போதும்.

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறது. மழை பொய்த்த வருஷமெல்லாம் எங்களுக்குச் சோறு போட்டது இந்த மரம். எல்லோரும் அதை ஒழி ஒழி என்கிறீர்கள். ஒழித்த பிறகு நாங்கள்?
– ஒரு வாசகர், முதுகுளத்தூர்

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் கேட்பது நியாயம். இதற்குப் பதில் இல்லாத எந்தத் திட்டமும் உருப்படாது, அதற்குக் குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் இருக்கிற பன்னி புல்வெளியே சாட்சி.

பன்னி சுமார் 2,500 சதுர கிலோமீட்டர், ஆசியாவின் பெரிய புல்வெளிகளில் ஒன்று என்று பெயர் பெற்ற இடம். மால்தாரிகள் என்ற மேய்ச்சல்காரர்கள் அங்கே காங்கரேஜ் மாடும் பன்னி எருமையும் வளர்த்தார்கள். அந்த எருமைகள் பகல் வெயிலில் ஊரில் படுத்துக் கிடந்துவிட்டு இரவில் தாமாகவே மேயப் போய் விடியலில் திரும்பும். பக்கத்து ரண் பாலைவனத்து உப்பு புல்வெளிக்குள் ஏறுகிறது என்று 1960-களின் தொடக்கத்தில் அரசு சீமைக் கருவேலத்தை அங்கே நட்டது. வந்த மரம் நட்ட இடத்தில் நிற்கவில்லை. அந்த மக்கள் அதற்கு வைத்த பெயர் ‘காண்டோ பாவல்’, பைத்தியக் கருவேலம். நெற்றைத் தின்று காங்கரேஜ் மாடுகள் நோய்ப்பட, எருமை மட்டும் தாங்கிக்கொள்ள, பலர் மாட்டை விட்டு எருமைக்கு மாறினார்கள்.

அங்கேயும் கரிமூட்டம் வந்தது. 2004-ல் கரி தயாரிக்க இருந்த தடையை எடுத்தார்கள், ஊரெல்லாம் கரி போட்டது, வெட்டிய இடமெல்லாம் மறுபடி துளிர்த்தது, 2008-ல் திரும்பத் தடை. கரிக்காக வெட்டுவதும் ஒழிப்பதற்காக எடுப்பதும் ஒன்றில்லை என்பது அங்கேதான் எனக்கு விளங்கியது. கரிக்காரருக்கு மரம் மூன்று நான்கு வருஷத்தில் திரும்பி வர வேண்டும், மேய்ச்சல்காரருக்கு வரவே கூடாது. இந்த இரண்டு பேரையும் ஒரே நிலத்தில் வைத்துவிட்டுச் சமாதானம் பேசினால் நடக்காது. நிலத்தைப் பிரிக்க வேண்டும்.

அதனால் உங்களுக்கு என் பதில்: ஒழிக்க வேண்டாம், எல்லைக்குள் கொண்டு வருவோம். பட்டா நிலத்தில், உவர் ஏறி வேறெதுவும் வராத இடத்தில் கரிக்கு என்று வைத்து வெட்டி வாருங்கள், உங்கள் பிழைப்பு போகாது. மந்தைவெளி, ஓடை, கண்மாய் உட்புறம், வரத்துக்கால் இவற்றிலிருந்து மட்டும் தூரோடு போக வேண்டும். அந்த வேலையை இயந்திரக்காரருக்குக் கொடுக்காமல் உங்களுக்குக் கொடுக்கச் சொல்லி ஊராட்சியில் கேளுங்கள். தூர்க்கட்டையில்தான் நல்ல கரி விழும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், மரம் உங்களுக்கு, சுத்தமான நிலம் ஊருக்கு. தமிழக அரசு 2022-ல் அயல் தாவரங்களை அகற்றி நிலத்தை மீட்பதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. அகற்றுவது மட்டும் இல்லை, மீட்பதும் அதில் இருக்கிறது, மனு எழுதும்போது அதைச் சுட்டிக்காட்டுங்கள்.

உங்களைப் போலவே அரசு கொண்டு வந்த மரத்தோடு வாழ வேண்டியவர்கள் கென்யாவில் பாரிங்கோ ஏரிப் பக்கமும் இருக்கிறார்கள். அங்கே 1980-களில் விறகுக்காக இதே மரம் நடப்பட்டது. சர்க்கரை நிறைந்த நெற்றைத் தின்று தின்று ஆடுகளுக்குப் பல் விழுந்தது. அந்த ஊர் மக்கள் அரசின் மேல் வழக்குப் போட்டு, பல் போன ஒரு ஆட்டை 2006-ல் நீதிமன்றத்துக்கே சாட்சியாகக் கூட்டிப் போனார்கள். ஒரு மருத்துவனாக எனக்கு அந்த ஆட்டை நினைத்தால் இன்னமும் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது.

எங்கள் மலையில் கருவேலம் இல்லை, உன்னிச்செடிதான். மாடு உள்ளே நுழையவே முடியவில்லை. தீ வைத்தால் போகுமா?
– ஒரு வாசகர், பர்கூர் மலை

போகாது, அடுத்த மழைக்கு அடியிலிருந்து இன்னும் கொத்தாகத் தழைக்கும். கூடவே நல்ல புல்லும் மரக்கன்றும் எரிந்துபோகும். அது வனத்துறை நிலம் என்றால் சட்டப்படியும் சிக்கல்.

டெல்லிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சி.ஆர்.பாபு குழுவினர் ஒரு முறையைச் செய்து காட்டினார்கள், எளிமையான முறை. செடியைத் தரைக்கு மேலே வெட்டாமல், மண்ணுக்குள் இரண்டு மூன்று அங்குலம் கீழே ஆணிவேரை மண்வெட்டியால் வெட்டி, புதரை அப்படியே தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பது. வேர் மண்ணைத் தொடாமல் காய்ந்துவிடும். பூத்துக் காய்ப்பதற்கு முன்னால் செய்ய வேண்டும். அப்புறம் இரண்டு மழைக்காலம் முளைக் கன்றுகளைப் பிடுங்க வேண்டும், குறிப்பாகப் பெரிய மரங்களுக்கு அடியில், ஏனென்றால் பழம் தின்ற குருவிகள் அங்கே உட்கார்ந்துதான் விதையைப் போடும்.

பசியில் இதன் இலையைத் தின்ற மாட்டுக்கு ஈரல் கெட்டு மஞ்சள் காமாலை வரும், வெயில் பட்ட மூக்கும் காதும் வெடித்துத் தோல் உரியும். அப்படி இருந்தால் உடனே நிழலில் இருட்டாகக் கட்டுங்கள், வெயிலில் விடவே கூடாது, மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பார்த்தீனியம்?
– ஒரு வாசகர், பல்லடம் (கடிதமே இவ்வளவுதான்)

1950-களில் வெளிநாட்டுக் கோதுமையோடு வந்து பரவியது என்பார்கள். ஒரு செடி பத்தாயிரத்துக்கும் மேல் விதை போடும், அதனால் பூப்பதற்கு முன்னால் பிடுங்குவது ஒன்றுதான் கணக்கு. கையுறை இல்லாமல் தொடாதீர்கள், தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் வரும். மெக்சிகோவிலிருந்து கொண்டு வந்து 1984-ல் பெங்களூரில் விட்ட வண்டு மழைக்காலத்தில் இதன் இலையை மொட்டையடிக்கும், அதைக் கண்டால் மருந்து அடித்துக் கொன்றுவிடாதீர்கள். பிடுங்கிய இடத்தில் ஆவாரை விதை தூவி வையுங்கள், இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மாடு இதைத் தின்றால் பால் கசக்கும்.

எனக்கு முப்பது ஆடு. ஊரில் ஐந்து ஏக்கரைச் சுத்தம் பண்ணி இந்த ஐப்பசி மழைக்குப் புல் விதைக்கப் போகிறோம் என்கிறார்கள், ஆனால் ஆட்டை விடக் கூடாதாம். எத்தனை நாளைக்கு? என் ஆடு அதுவரை எதைத் தின்னும்?
– ஒரு வாசகி, சாயல்குடிப் பக்கம்

அம்மா, உங்கள் கேள்வியை உங்கள் ஊர்க்காரர்கள் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். புல் திட்டம் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான்: வேலி போட்டவர்கள் ஆட்டுக்காரரைக் கேட்பதில்லை, ஒரு நாள் இரவு வேலி பிரிந்து கிடக்கும்.

முதல் வருஷம் முழுவதும் ஆடு உள்ளே போகக் கூடாது, இதில் விட்டுக்கொடுக்க முடியாது. ஆடு புல்லை அடியோடு கடிக்கும், வேர் பிடிக்காத புல் கையோடு வந்துவிடும். ஆனால் தை மாதம் புல் விதை உதிர்ந்த பிறகு அறுத்துக்கொண்டு போகலாம், தரையிலிருந்து நாலு விரல் விட்டு அறுக்க வேண்டும். அந்த அறுப்பு ஆடு வைத்திருப்பவர்களுக்கே முதலில் என்று இப்போதே, விதைக்கும் முன்பே, எழுதி வாங்குங்கள். அதுவரை மீதி நிலத்தில் ஆடு எப்போதும் போல மேயட்டும், அதற்காகத்தான் ஒரேயடியாக எல்லாவற்றையும் சுத்தம் செய்ய வேண்டாம் என்று கமுதிக்காரருக்கும் சொன்னேன். இரண்டாம் வருஷம் மழை முடிந்து, விதை கொட்டிய பிறகு விடலாம், ஐந்து ஏக்கரை மூன்றாகப் பிரித்து ஒரு துண்டில் பத்து நாள், அப்புறம் அடுத்தது. புல் முழங்கால் உயரம் வந்ததும் திறப்பது, நாலு விரல் ஆனதும் அடைப்பது என்று வைத்துக்கொண்டால் நாள் எண்ணவே தேவையில்லை.

இன்னொன்று, விதை வாங்கப் போகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள். கொழுக்கட்டைப் புல் விதை அறுத்த உடனே முளைக்காது, ஆறு எட்டு மாதம் உறக்கத்தில் இருக்கும். கடையில் ‘புதுசா வந்தது’ என்று கொடுத்தால் வாங்க வேண்டாம். போன வருஷத்து விதையா என்று கேட்டு, கொஞ்சம் எடுத்து ஈரச் சாக்கில் போட்டு வைத்து, பத்து நாளில் முளைக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் பணம் கொடுக்கச் சொல்லுங்கள்.